அத்தியாயம் 2: ஒட்டுவது கடைசி வேலை

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பூந்தமல்லியில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வாசலில் ஒரு குவியல் கிடக்கும். கோரை பிரிந்த பாய், ஓட்டை முறம், கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அடியில் காகிதம். அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, இன்லண்ட் லெட்டர், மொய் நோட்டு என்று ஒரு வீட்டின் ஐம்பது வருஷம் விடியற்காலை நெருப்புக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுக் குவியலிலிருந்து நான் எடுத்தது ஒரு மஞ்சள் பை. அதற்குள் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் அது ஒற்றைத் தாள் இல்லை, சின்னப் புத்தகம். அங்க அடையாளம் என்ற இடத்தில் மசிப் பேனாவால் எழுதியிருந்தார்கள்: இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த மச்சம் எனக்கு நினைவே இல்லை. யாரோ ஒரு வாத்தியார் பையனின் கையைத் திருப்பிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஸ்கிராப்புக் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட புராஜெக்ட். சார்ட் பேப்பர், ஜிகினா, ஸ்கெட்ச் பேனா. இப்போது கடைகளில் விற்கிற பூப்போட்ட ஸ்டிக்கர் பாக்கெட்டுகளும் அந்த வழிதான். ஆனால் நம் வீடுகளில் இந்தப் பழக்கம் முன்பிருந்தே வேறு பெயர்களில் இருந்திருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் வந்தபோது வாரா வாரம் மணியம் படங்களோடு பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்த வீடுகள் எத்தனை! கோல நோட்டு இன்னொன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் கசக்கிப் போடுவதையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம் வீட்டு மஞ்சள் பை நூலகமாக வேண்டியதில்லை. பேரப்பிள்ளை ஒருவர் புரட்டுகிற அளவுக்கு ஒரு புத்தகமானால் போதும்.

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள்

இந்த வேலையில் இறங்கிப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் கடையில் ஆரம்பித்தவர்கள். ஆல்பம், கத்தரி, பசை எல்லாம் வந்துவிடும். பிறகு வீட்டிலுள்ள ஆயிரம் படங்களைப் பார்த்து மலைத்துப்போய், பீரோ மேல் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு பழுப்பு உறை எடுங்கள், கல்யாணப் பத்திரிகை வருகிற அளவு இருந்தால் போதும். அதில் பத்தே பொருள்கள் போடுங்கள். ஆறு படம், ஒரு கடிதம், ஒரு சீட்டு, ஒரு பத்திரிகை, வேறு ஏதாவது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே வயதானவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒட்டுப் புத்தகத்தின் முதல் வேலை இதுதான். பசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தைக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

நான் போனது ஆவடியில் இருக்கிற அத்தை வீட்டுக்கு. மாமா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்ததை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம், கண் துல்லியம். நான் நீட்டியது ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம். மூன்று பெண்கள் நிற்கிறார்கள், நடுவில் ஸ்டூலில் ஒரு குழந்தை, பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி.

"எந்த வருஷம் அத்த இது?"

"வருஷம் யாருக்குத் தெரியும் கண்ணு."

இப்படித்தான் பதில் வரும். வருஷத்தைக் கேட்கக் கூடாது. அப்போது யார் கைக்குழந்தை, யார் வயிற்றில் இருந்தாள், எந்தப் பண்டிகை, எந்த மழை, யார் செத்த சமயம் என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

"அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோமே, கொளத்துல வெல்லம் கரைக்க. தை மாசம். வந்து ரெண்டு வாரம் இருக்கும், அண்ணா செத்துட்டாருன்னு ரேடியோவுல சொன்னாங்க. ஊடே அழுதுச்சு."

அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. அதற்கு முந்தைய தை அமாவாசை ஜனவரி 18. வீரராகவர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது எடுத்த படம். நாள் முதற்கொண்டு கிடைத்துவிட்டது. எம்.ஜி.ஆர். சுடப்பட்டது (1967 ஜனவரி), இந்திரா காந்தி சுடப்பட்டது (1984 அக்டோபர்), சுனாமி (2004 டிசம்பர்) இவையெல்லாம் நம் வீட்டு நினைவுகளுக்கு ஆணிகள். ஒரு தாளில் இந்தத் தேதிகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

அத்தை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மா கைய முன்னாடி நீட்டிக்கினு நிக்கிறா பாரு. வாட்ச்சு தெரியணுமாம். ஸ்டுடியோக்காரரோட வாட்ச்சு அது. ஓடாது."

இதைத் தனியாக உட்கார்ந்து ஒட்டியிருந்தால், 'அம்மா, வாட்ச் கட்டியபடி' என்று எழுதியிருப்பேன்.

பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போனை மடியில் கவிழ்த்து வைத்தால் அவர்கள் அதை மறந்துவிடுவார்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். பெரியவர்கள் களைத்த பிறகு சொல்லும் பெயர்கள் குழம்புகின்றன.

பெயரை முழுசாக எழுதுங்கள்

படத்தின் பின்னால் 'பெரிய மாமா, சின்ன ஆயா' என்று எழுதி வைத்திருப்போம். யாருக்கு மாமா? எழுதியவருக்கு. இன்னும் முப்பது வருஷத்தில் அதைப் படிக்கப் போகிற பெண்ணுக்கு அவர் மாமா இல்லை. பெயர், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஊர்ப் பக்கம் என்று மூன்றையும் எழுத வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுங்கள். அந்த ஒரு எழுத்துக்குள் ஒரு தலைமுறை ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் காகிதங்களில் ஆண்கள் நிறைய இருப்பார்கள். சான்றிதழ், வேலை உத்தரவு, போனஸ் சீட்டு, யூனியன் ரசீது, பல்லவன் பஸ் பாஸ். பெண்களோ கல்யாணப் பத்திரிகையில் ஒரு முறை வருவார்கள், அப்புறம் கருமாதிப் பத்திரிகையில்தான். நடுவில் இருக்கிற ஐம்பது வருஷத்துக்குச் சாட்சியை நாமேதான் தேட வேண்டும். கோல நோட்டு, சீட்டு கட்டிய கணக்கு, ஊறுகாய்க்கு அளவு எழுதிய காலண்டர் தாள், தையல் மிஷின் தவணை ரசீது எல்லாம் எடுங்கள். என் ஆயா படிக்கத் தெரியாதவர். பால் கணக்கைச் சமையலறைக் கதவில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்தார். வீடு இடிக்கும் முன் அந்தக் கதவைப் படம் எடுத்தேன். என் புத்தகத்தில் ஆயாவுக்கென்று உள்ள பக்கம் அதுதான்.

யாரும் சொல்ல இல்லாவிட்டால்

எல்லாப் படத்துக்கும் ஓர் அத்தை கிடைக்க மாட்டார். அப்போது காகிதத்தையே விசாரிக்க வேண்டியதுதான். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு நான் வாங்கச் சொல்கிற முதல் பொருள் அது.

நம் பகுதிக் கடிதங்களுக்கு முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. உறையில் 600056 இருந்தால் அதற்குப் பிந்தையது. 'மெட்ராஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முந்தையது. ஆனால் பழைய ஆட்கள் இன்னும் மெட்ராஸ் என்றுதான் எழுதுவார்கள், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டம் என்ற பெயரில் பூந்தமல்லிக்கு வந்த கடிதம் 1997க்கு முந்தையது. அந்த வருஷம் ஜூலையில்தான் மாவட்டத்தைப் பிரித்து நம்மைத் திருவள்ளூரில் சேர்த்தார்கள். ஊர்ப் பெயரே ஆளுக்கு ஒரு மாதிரி வரும். கோயில் பத்திரிகையில் பூவிருந்தவல்லி, பஸ் போர்டில் பூந்தமல்லி, இங்கிலீஷில் எழுதியதைப் படித்தால் பூனமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர், பூந்தோட்டம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊரில் பெயர் எழுதுவதில் மட்டும் ஒற்றுமை இல்லை. காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

படங்களில் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கினால் பூதக்கண்ணாடியில் தேதியே தெரியும். மூலையில் அரசு கொடுத்த இலவச கலர் டிவி இருந்தால் 2006க்குப் பிறகு. டிரங்க் ரோட்டில் நின்று எடுத்த படத்தில் மெட்ரோத் தூண் இல்லையென்றால் அது இப்போதே பழைய படம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் வழித்தடம் வந்த பிறகு குமணன்சாவடிப் பக்கம் ரோட்டின் முகமே மாறிவிட்டது. கடைப் பலகையோடு பழைய ரோடு தெரியும் படம் இருந்தால், அதில் நிற்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் எடுத்து வையுங்கள். 90களின் கலர்ப் படங்களில் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் விழும் தேதியை நம்ப வேண்டாம். பேட்டரி மாற்றியபின் யாரும் அதைச் சரிசெய்ததில்லை. என் அண்ணன் கல்யாணம், கேமரா கணக்குப்படி, அவன் பத்தாவது படிக்கும்போது நடந்திருக்கிறது.

காகிதமும் பசையும்

இதற்கு அப்புறம்தான் கடை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தடிமனான டிராயிங் ஷீட்டாகக் கேளுங்கள், உறையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்டிருப்பது நல்லது. கலர் சார்ட் வேண்டாம், வெளுக்கும், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். தைத்த ஆல்பத்தைவிட ரிங் ஃபைல் எனக்குப் பிடிக்கும். பிறகு ஒரு படம் கிடைத்தால் நடுவில் ஒரு பக்கம் சேர்க்கலாம். பிளாஸ்டிக் உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசம் வந்தால் அது பி.வி.சி., திருப்பி வைத்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் உறை வாசமில்லாமல் இருக்கும்.

செலோ டேப் பத்து வருஷத்தில் பழுப்பாகிக் கறையை விட்டுவிட்டு உதிர்ந்துவிடும். ஸ்டேப்ளர் பின் நம் ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும். ஃபெவிக்கால் தண்ணீர்ப் பசை, படத்தின் முதுகில் பூசினால் நெளிந்துவிடும். மைதாப் பசை பூச்சிக்குச் சாப்பாடு. எல்லாவற்றையும்விடக் கொடுமை லேமினேஷன். முதலில் சொன்னேனே அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பத்திரப்படுத்துகிறேன் என்று அதை லேமினேட் செய்ய ஒரு கடையில் கொடுத்தேன். பக்கங்களைப் பிரித்துத் தனித்தனியாகச் சூடு போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. மறுவருஷ மழையில் ஓரம் பிரிந்து ஈரம் உள்ளே போய், மச்சம் எழுதியிருந்த வரி மேகம் கட்டிவிட்டது. இனி அதைப் பிரித்தால் தாளும் சேர்ந்து வரும்.

ஆகவே படத்தில் பசையே படக் கூடாது. அதற்குப் பழைய ஆல்பங்களில் இருந்த முக்கோண மூலைகள்தான் வழி. வாங்கவும் வேண்டாம். டிராயிங் ஷீட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். நடுவை விரலால் பிடித்துக்கொண்டு இரண்டு வாலையும் கீழ்நோக்கி மடியுங்கள், இரண்டும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். சின்ன வீட்டுக் கூரை போல ஒரு முக்கோணம் வரும். நீட்டி நிற்கிற வாலை வெட்டிவிட்டு, மடிப்புள்ள பக்கத்தில் துளிப் பசை தொட்டுப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு. பசை காய ஒரு ராத்திரி விடுங்கள், அதற்குப் பிறகு படத்தைச் செருகுங்கள். எப்போது வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம், பின்னால் எழுதியதைப் படிக்கலாம்.

பின்னால் எழுதுவதற்கு மெத்தென்ற பென்சில். பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் தடம் விழும். கலர்ப் படத்தின் வழவழ முதுகில் பென்சில் ஏறாது. அப்போது புத்தகத்தின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பேப்பர் செய்தி, பேருந்து மெஷின் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு ஆகியவற்றை ஜெராக்ஸ் எடுத்து நகலை ஒட்டுங்கள். செய்தித்தாள் பழுத்துப் பக்கத்திலுள்ள படத்தையும் பழுப்பாக்கும். சூட்டில் அச்சாகிற சீட்டு கொஞ்ச நாளில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். 80, 90களில் வந்த ஒட்டும் பக்க ஆல்பத்தில் படங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் வந்துவிடும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தொடவே வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ.; போன்தான் என்றால் காலையில் ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து. பின்பக்கத்தையும் எடுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாகப் போகாமல் டாக்குமெண்டாகப் போகட்டும். இல்லாவிட்டால் சுருங்கித் தேய்ந்துதான் போய்ச் சேரும்.

ஈரம், பூச்சி, ஏரி

நான் கரையான்சாவடிக்காரி. ஊர்ப் பெயரிலேயே கரையான் இருக்கிறது, காகிதம் வைத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் பாருங்கள். புத்தகத்தைப் பரணில் வைக்காதீர்கள், வெயில் சூடு. பீரோவின் அடித்தட்டிலும் வேண்டாம், ஈரம். வெளிச்சுவரை ஒட்டாமல் நடுத்தட்டு. ராமபாணப் பூச்சிக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நம் வீட்டுக்கு வசம்பும் கிராம்பும் முடிந்த ஒரு பொட்டலமே போதும். தாள் மேல் தூவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனியில் காற்று உலர்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் இருந்த சொந்தக்காரர்கள் ஆல்பத்தைத் தூக்கிவந்து மொட்டை மாடி வெயிலில் விரித்துப் போட்டார்கள். பாதி சுருண்டது, மீதி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டது. நனைந்த படத்தைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். முகம் மேலே பார்க்க, வெள்ளைத் துணியில், நிழலில் பரப்ப வேண்டும். செய்தித்தாள் மேல் வைத்தால் மை ஏறும். உடனே நேரமில்லையா, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் பிரிக்கலாம். கரண்ட் இல்லாத அந்த வாரத்தில் ஃப்ரீசருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் ஸ்கேன் செய்ததன் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கிற தங்கையிடம் இருக்கட்டும் என்கிறேன்.

முதல் பக்கம்

இடது பக்கம் காலி. வலது பக்கம் ஒரே ஒரு படம், கீழே கைப்பட எழுதிய ஐந்தாறு வரி. உங்கள் கையெழுத்து மோசம் என்று டைப் அடித்து ஒட்டாதீர்கள். கையெழுத்தும் சேர்த்து வைக்க வேண்டிய பொருள்தான். என் முதல் பக்கத்துக்கு அந்த ஸ்டுடியோ படத்தையே எடுத்துக்கொண்டேன். 1969 தை அமாவாசை, திருவள்ளூர்; நிற்பவர்கள் பெயர், குழந்தை பெயர், ஓடாத வாட்ச். கடைசியாக ஒரு வரி: அத்தை கட்டியிருக்கும் பட்டுப்புடவை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. இதுவும் அத்தை சொன்னதுதான். அதே கரை வேறொரு படத்தில் அம்மாவின் மேல் இருக்கிறது.

பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடி போடாமலேயே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறியது.

"இரவல்னு ஏண்டி எழுதின? மருமவ படிப்பா."

"நீங்கதான அத்த சொன்னீங்க?"

"உனக்குச் சொன்னேன்."

வீட்டுக் கதைகளில் இப்படி வரும், வந்தே தீரும். அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும், சொன்னவர் சொத்து அது. அழிப்பதற்கு முன் ஒரு வழி மட்டும் கேட்டுப் பார்க்கலாம். டிராயிங் ஷீட்டை மடித்து மூன்று ஓரம் ஒட்டினால் சின்ன உறை வரும். சீட்டில் எழுதி அதில் போட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் பொருத்திவிட்டால், புரட்டுகிறவர் கண்ணில் படாது. தேடுகிறவருக்குக் கிடைக்கும். சொல்லிக் காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சீட்டை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே, புடவை கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டம்மாவின் பெயரை எழுதி, "திருப்பிக் குடுக்கறப்ப தொவச்சிதான் குடுத்தேன்" என்று ஒரு வரியும் சேர்த்து, மடித்து, உறைக்குள் தானே போட்டார்.